பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்ட புள்ளி

மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவோருக்காகவும் அதைக் கொண்டு நிரல் எழுதுவோருக்காகவும் உருவாக்கப்படும் விளக்க நூலைத் தொழிலில் இருப்போர் டாக்குமென்டேஷன் என்றே வழங்குகின்றனர்; எழுத்துத் தமிழில் அது ஆவணம் எனப்படுகிறது. ஆவணம் எழுத முற்படும் எவரும் எதைச் சொல்வது என்பதைக் காட்டிலும், எதை எங்கே வைத்துச் சொல்வது என்பதிலேயே அதிகம் தடுமாறுகின்றனர். எளியவை முன்னே, கடினமானவை பின்னே, மிகக் கடினமானவை பின்னிணைப்பிலோ தனி நூலிலோ என்னும் வரிசை பெரும்பாலும் கேள்வியின்றி ஏற்கப்பட்டுவிட்டது. கற்பவரை அச்சுறுத்திவிடக் கூடாது என்னும் நல்லெண்ணமே அதற்குக் காரணம் என்றாலும், கடினம் என்பது பொருளிலேயே உறைந்திருக்கும் பண்பு என்று அவ்வரிசை எடுத்துக்கொள்கிறது. அது யாருக்குக் கடினம், அவருக்கு எப்போது தேவை என்னும் வினாக்கள் அங்கே எழுவதில்லை. ஆங்கிலத்தை மட்டும் கையாளும் ஒருவர் பல ஆண்டுகள் திறந்தே பார்க்க வேண்டியிராத பின்னிணைப்பு, தமிழில் ஓர் ஊர்ப்பெயரைக் கணினிக்குள் இடுபவருக்கு முதல் நாளிலேயே தேவைப்படுகிறது.

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில் சேலையூரைத் தாண்டியதும் வரும் ராஜகீழ்ப்பாக்கம், ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய ஊர். 1984-இல் தாம்பரம் சானடோரியத்தில் அமைந்த மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் ஒரு புறமும், மேடவாக்கம் வழியாகச் சென்றால் எட்டும் சோழிங்கநல்லூரின் மென்பொருள் அலுவலகங்கள் மறுபுறமுமாக இருப்பதால், இப்பகுதியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் நிரலாளர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் நாள்தோறும் படிக்கும் ஆவணங்கள் ஆங்கிலத்தில் உள்ளவை. அவர்கள் அலுவலகத்தில் கையாளும் தரவும் பெரும்பாலும் ஆங்கிலமே. குடியிருப்போர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், கோயில் திருப்பணிக்கு நன்கொடை அளித்தோர் பெயர்கள், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் வருகைப் பதிவேடு போன்ற ஏதேனும் ஒன்றைத் தமிழிலேயே கணினியில் ஏற்றித் தர வேண்டிய வேளையில்தான், தாங்கள் பல்லாண்டு பழகிய ஆவணத்தின் வரிசை தங்களுக்காக அமைக்கப்பட்டதன்று என்பதை அவர்கள் உணர நேர்கிறது.

பைத்தான் மொழியை எடுத்துக்கொள்ளலாம். பள்ளிப் பாடத்திட்டம் வரை வந்துவிட்ட மொழி அது. அதன் அதிகாரபூர்வப் பாடநூல், சரத்தை (கணினி தன் நினைவகத்தில் தொடராக வைத்திருக்கும் உரையைச் சரம் என்பர்) அறிமுகப்படுத்தும் தொடக்கப் பகுதியிலேயே, ஒரு சரத்தின் நீளத்தைத் தரும் ‘லென்’ என்னும் செயற்கூற்றைக் கற்பிக்கிறது. அதற்கு எடுத்துக்காட்டாக, 1964-இல் வெளிவந்த ‘மேரி பாப்பின்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தின் பாட்டொன்றால் புகழ்பெற்ற, வேண்டுமென்றே நீட்டி முழக்கப்பட்ட ஒரு சொல்லைக் கொடுத்து, விடை 34 என்று காட்டுகிறது. அச்சொல்லில் உள்ள ஆங்கில எழுத்துகளும் 34-தான். ஆகவே லென் எழுத்துகளை எண்ணித் தருகிறது என்று படிப்பவர் முடிவு செய்வது இயல்பு, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அம்முடிவால் அவருக்கு இழப்பு ஏதும் இல்லை. அதே செயற்கூற்றிடம் ‘ராஜகீழ்ப்பாக்கம்’ என்னும் பெயரைக் கொடுத்தால் விடை 16 என்று வருகிறது. ரா, ஜ, கீ, ழ், ப், பா, க், க, ம் என விரல் விட்டு எண்ணினால் ஒன்பது எழுத்துகள்; ஒன்றாம் வகுப்புப் பிள்ளையும் அதையே சொல்லும். நிரலோ காலையும் சுழியையும் புள்ளியையும் தனித்தனி உருப்படிகளாக எண்ணி, ஒன்பதைப் பதினாறாக்கிவிடுகிறது. வட்டில் எழுதும்போது பரவலாகக் கையாளப்படும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வோர் உருப்படியும் மூன்று பைட் (கணினிச் சேமிப்பின் சிறு அலகு) கொள்வதால், அதே பெயர் 48 பைட் ஆகிறது. இத்தனை எண்களில் எது அப்பெயரின் நீளம் என்னும் கேள்விக்கான விடை, எண்ணுவது எதற்காக என்பதைப் பொறுத்தது. அதை விளக்கும் பகுதியோ பாடநூலுக்கு வெளியே, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் தரமாகிய யூனிகோடு பற்றிய தனிக் கையேட்டில் இருக்கிறது.

எண்ணிக்கை பிழைப்பதோடு இது நிற்பதில்லை. அட்டை அச்சிடும் நிரல் ஒன்று இடப்பற்றாக்குறையால் பெயரைப் பன்னிரண்டோடு வெட்டினால், கிடைப்பது ‘ராஜகீழ்ப்பாக’ என்னும் முண்டம். பன்னிரண்டாவது உருப்படியாகிய ககரம் உள்ளே நிற்க, அதன் தலைப் புள்ளி பதின்மூன்றாவதாகி வெளியே விழுந்துவிடுகிறது. சரத்தைத் திருப்பி எழுதும் தொடக்கநிலைப் பயிற்சியைச் செய்தால், புதிய சரம் எந்த மெய்யையும் சாராத ஒற்றைப் புள்ளியில் தொடங்குகிறது. குறுஞ்செய்தியிலும் இதே கணக்குதான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 உருப்படிகளோடு நிறைந்துவிடும், அந்த எழுபதில் இவ்வூரின் பெயருக்கு மட்டும் பதினாறு போய்விடும்.

இந்நிலைக்குக் காரணம் தமிழின் சிக்கல் என்று நிரலாளர்களில் சிலர் எளிதாகச் சொல்லிவிடுவதுண்டு, அது சரியன்று. தமிழ் இலக்கணத்தில் க் என்னும் மெய்யே முதல், அதனோடு அகரம் சேர்ந்து பிறப்பதே க. யூனிகோடு 1991-இல் வெளிவந்தபோது, இந்திய எழுத்துகளுக்கு 1988-ஆம் ஆண்டின் இஸ்கி என்னும் இந்தியத் தரத்தின் அமைப்பைப் பின்பற்றியது; அதில் அகரமேறிய க-வே அடிப்படை, புள்ளி என்பது அந்த அகரத்தை நீக்கும் தனிக்குறி. இவ்வாறு ஒவ்வொரு குறிக்கும் வழங்கப்பட்ட எண்ணையே குறியெண் என்பர். லென் எண்ணுவது இக்குறியெண்களைத்தான். இலக்கணத்தில் முதலில் நிற்பது, எழுத்துகளைக் கணினிக்குரிய எண்களாக்கும் குறியேற்றத்தில் கடைசியாக வந்து ஒட்டிக்கொள்ளும் இம்முரணைத் தெரிந்துகொள்ளாமல் தமிழில் பத்து வரி நிரல்கூடத் திருத்தமாக எழுத முடியாது. ஆனால் ஆங்கில ஆவணத்தின் பார்வையில் இது ‘மேம்பட்ட’ பொருள். முதல் வாசிப்பில் தவிர்க்கத் தக்கது.

வரிசைப்படுத்தலைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். பல்லாவரம், பழவந்தாங்கல், பள்ளிக்கரணை ஆகிய மூன்றும் தென்புறநகர் மக்கள் நாள்தோறும் உச்சரிக்கும் பெயர்கள். அகராதி முறைப்படி இவை நிற்க வேண்டிய வரிசையும் இதுவே, ஏனெனில் லகரத்துக்குப் பின் வகரமும் அதன் பின் ழகரமும் அதன் பின்னரே ளகரமும் வரும். யூனிகோட்டில் ல 2994, ள 2995, ழ 2996, வ 2997 என எண் பெற்றிருப்பதால், குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் நிரல் பள்ளிக்கரணையைப் பழவந்தாங்கலுக்கு முன் கொண்டுபோய் வைக்கிறது. புள்ளிக்கு 3021 என்னும் பெரிய எண் கிடைத்திருப்பதால், அகராதியில் முந்தி வர வேண்டிய ‘பக்கம்’ பின்னுக்குப் போய், ‘பகல்’ முந்திக்கொள்கிறது. நியாயமாகச் சொல்வதானால், பைத்தான் பாடநூல் இதை அறவே மறைக்கவில்லை. தொடர்களை ஒப்பிடுவது பற்றிய பகுதியில், எழுத்துகள் யூனிகோடு எண்ணின்படி வரிசைப்படும் என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அந்த வாக்கியத்தைப் படிக்கும் தமிழர் அதன் விளைவு இன்னது என்று ஊகிக்க வேண்டுமானால், ழகரத்தின் எண் ளகரத்தின் எண்ணைவிடப் பெரியது என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். மொழிமரபுக்கு ஏற்ற வரிசையைப் பெறும் வழியோ, வரிசைப்படுத்தல் பற்றிய தனிக் கையேட்டின் கடைசியை ஒட்டி, உதிரிச் செய்திகளுக்கென ஒதுக்கிய பகுதியில் கிடக்கிறது. தமிழ்ப் பட்டியல் ஒன்றைச் சரியாக அடுக்குவது உதிரிச் செய்தியாகிவிட்டது.

தரவுத்தள மென்பொருளாகிய போஸ்ட்கிரெஸ்ஸின் ஆவணம் மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டது. இத்துறையில் முன்மாதிரியாகப் பலராலும் சுட்டப்படுவது. அதன் முதற்பகுதியாகிய பாடத்தில் சான் பிரான்சிஸ்கோ, ஹேவர்ட் ஆகிய ஊர்களின் தட்பவெப்பத்தைப் பதிந்துவைத்த அட்டவணை ஒன்று வருகிறது. அதை ஊர்ப்பெயரால் வரிசைப்படுத்தக் கட்டளையும் கற்பிக்கப்படுகிறது. எந்த மொழியின் அகரவரிசை என்பதை முடிவு செய்யும் விதித்தொகுப்பைப் பற்றிய விரிவான விளக்கம், இரண்டு பகுதி தள்ளி, வழங்கியை நிர்வகிப்போருக்கென எழுதப்பட்ட மூன்றாம் பகுதியில் அமைந்திருக்கிறது. அவ்விதித்தொகுப்பு நிறுவலின்போது தீர்மானிக்கப்படுவதால் அது நிர்வாகியின் பொறுப்பு என்பது ஆவணத்தை எழுதியோரின் தருக்கம், அதில் பிழையில்லை. எனினும் ஊர்ப்பெயர்களை அடுக்கிப் பார்ப்பவர் நிர்வாகி அல்லர், முதல் பாடத்தில் இருப்பவர். ஹேவர்டுக்குப் பதில் பள்ளிக்கரணையை இட்டுப் பார்க்கும் நொடியில் அவருக்கு மூன்றாம் பகுதி தேவைப்பட்டுவிடுகிறது.

இவற்றையெல்லாம் விஞ்சும் எடுத்துக்காட்டு ராஜகீழ்ப்பாக்கத்தின் அண்டை ஊராகிய கௌரிவாக்கத்தின் பெயரில் இருக்கிறது. அப்பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் மூன்று வகையாக இடலாம். ககரத்தை அடுத்து ஔகாரக் குறியை ஒரே குறியெண்ணாக இடுவது ஒன்று. ஒற்றைக் கொம்பையும், ஔகாரத்துக்கென்றே தனியாக எண் பெற்றுள்ள சிறகுக் குறியையும் இரண்டு குறியெண்களாக இடுவது மற்றொன்று. கெகரத்தை இட்டு அதன் பக்கத்தில் ளகரத்தையே தட்டிவிடுவது மூன்றாவது. திரையில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும், அச்சிலும் பெரும்பாலான எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. முதலிரண்டும் சமமானவை என்று யூனிகோடு அறிவித்துள்ளது; இயல்பாக்கம் என்னும் முறைக்கு உட்படுத்தினால், அதாவது ஒரே எழுத்துக்குரிய மாற்று வடிவங்களை ஒரு வடிவத்துக்குக் கொண்டுவந்தால், அவை ஒன்றாகிவிடும். மூன்றாவதற்கு அந்த மருந்து வேலை செய்யாது. அது எழுத்துப்பிழை, கணினியின் கண்ணில் அது வேறொரு சொல். முகவரிப் பட்டியலில் கௌரிவாக்கத்தைத் தேடும் நிரல், மூன்றாம் வகையில் தட்டப்பட்ட முகவரிகளையெல்லாம் விட்டுவிட்டு, பிழைச்செய்தி எதுவும் காட்டாமல், தேடல் முடிந்தது என்று அறிவித்துவிடும். பட்டியலில் பெயர் விடுபட்டவருக்குத் தாம் விடுபட்டது தெரியாது. நிரலாளருக்கோ தாம் விட்டது தெரியாது.

பிழைச்செய்தி காட்டாமல் என்னும் இத்தொடரிலேயே, மேம்பட்ட பொருளை எங்கே வைப்பது என்னும் வினாவுக்கான விடை அடங்கியிருக்கிறது. இதற்கு நேர்மாறான ஒன்றை இதனருகே வைத்துப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் குறியேற்றம் இன்னது என்று குறிப்பிடாமல் ஒரு தமிழ்க் கோப்பைப் பைத்தான் கொண்டு திறந்தால், அது பெரும்பாலும் 1252 என்னும் எண்ணுடைய மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தின்படி கோப்பைப் படிக்க முயல்வதே நெடுநாளைய வழக்கம். தமிழ்ப் புள்ளி யூடிஎஃப்-8 முறையில் கொள்ளும் மூன்று பைட்டுகளில் கடைசியின் மதிப்பு 141. மேற்கு ஐரோப்பியக் குறியேற்றத்தில் 141-ஆம் இடம் காலி. அதனால் முதற்புள்ளியை எட்டியதும் நிரல் முறிந்து, இந்த பைட்டைப் படிக்க இயலவில்லை என்று செய்தி காட்டி நின்றுவிடுகிறது. தமிழில் ஒரு புள்ளிகூட இல்லாத பத்தியை எழுதுவது அரிதாகையால், இப்பிழை ஏறத்தாழ எல்லாத் தமிழ்க் கோப்புகளிலும் கூச்சலிட்டே வெளிப்படும். கூச்சலிடும் பிழையின் விளக்கத்தை ஆவணத்தின் எந்த மூலையில் வைத்தாலும் கேடில்லை, ஏனெனில் பிழைச்செய்தியே வாசகரைக் கையைப் பிடித்து அங்கே அழைத்துச் சென்றுவிடும். வாய்மூடித் தவறு செய்யும் இடங்களின் நிலை வேறு. தவறான வரிசையும் விடுபட்ட முகவரியும் சிதைந்த பெயரும் யாரையும் எந்தப் பின்னிணைப்புக்கும் அனுப்புவதில்லை. அவை சரியான விடையின் உருவத்திலேயே வந்து நிற்கின்றன. ஆகவே ஒரு செய்தியின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியது அதன் கடினம் அன்று, அதை அறியாமல் போவதன் விளைவு கண்ணில் படுமா படாதா என்பதே. படாது என்றால், அது எவ்வளவு நுணுக்கமான பொருளாயினும், தவறு நிகழக்கூடிய அதே பக்கத்தில் ஒரு வரியேனும் பெற்றாக வேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு சில ஆவணங்களை அளந்து பார்க்கலாம். ரஸ்ட் மொழியின் அதிகாரபூர்வ நூல், சரங்களை விளக்கும் எட்டாம் இயலிலேயே ‘நமஸ்தே’ என்னும் சொல்லைத் தேவநாகரியில் எழுதி, அது பைட்டாக எண்ணினால் 18, குறியெண்ணாக எண்ணினால் 6 என்று பிரித்துக் காட்டி, மனிதர் எழுத்து என்று கருதும் கொத்துகள் வேறு என்பதையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. முழு விதிகளையும் அது அங்கே விரிப்பதில்லை. எச்சரிக்கை மட்டும் உரிய இடத்தில் இருக்கிறது. நினைவகப் பாதுகாப்பை மீறி எழுதும் ஆபத்தான கலையையோ ‘ரஸ்டனாமிகான்’ என்னும் தனி நூலுக்கு அம்மொழியினர் அனுப்பிவிட்டனர். அதுவும் பொருத்தமே, ஏனெனில் அப்பகுதிக்குள் நுழைய வேண்டுமானால் நிரலாளர் ‘அன்சேஃப்’ என்னும் சொல்லைத் தம் கையாலேயே எழுத வேண்டும். எல்லையைக் கடந்ததை அறியாமல் எவரும் கடந்துவிட முடியாது. ஸ்விஃப்ட் மொழி இன்னும் ஒரு படி மேலே சென்று, எழுத்துக் கொத்தையே எண்ணும் அலகாக ஏற்றுக்கொண்டது. அங்கே ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளம் மூன்று. அதிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் விதிவிலக்கு உண்டு: கண்ணுக்கு ஓரெழுத்தாகத் தோன்றும் க்ஷ அங்கே இரண்டாகவே எண்ணப்படும். மொழியின் வடிவமைப்பே வாசகருக்குச் சாதகமாக அமைந்துவிட்டால் ஆவணம் எழுதுவோரின் சுமை பாதியாகக் குறையும், ஆனால் முற்றிலும் நீங்குவதில்லை.

டேனியலே புரோச்சிடா வகுத்த ‘டயடாக்சிஸ்’ என்னும் கோட்பாடு இன்று ஆவணக்காரர்களிடையே பரவலாக ஏற்கப்பட்டிருக்கிறது. கற்பிக்கும் பாடம், ஒரு வேலையை முடிக்க வழிகாட்டும் குறிப்பு, தேடிப் பார்க்கும் தகவல், புரியவைக்கும் விளக்கம் என ஆவணத்தை நான்காகப் பிரிக்கும் இக்கோட்பாடு, பாடத்துக்குள் விளக்கத்தைக் கலக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்கிறது. அக்கண்டிப்பு நல்லதே, முதல் பாடத்திலேயே இஸ்கியின் வரலாற்றையும் இயல்பாக்கத்தின் நான்கு வகைகளையும் கொட்டினால் கற்பவர் எழுந்து போய்விடுவார். ஆனால் தமிழ் வாசகருக்குத் தேவையானது பாடத்தில் நீண்ட விளக்கம் அன்று. எடுத்துக்காட்டு மாறினாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். முப்பத்துநான்கு எழுத்து ஆங்கிலச் சொல்லின் இடத்தில் ஒரு புறநகர் ஊரின் பெயரை வைத்து, விடை 16 என்று காட்டி, இது குறியெண்களின் எண்ணிக்கை, எழுத்துகளின் எண்ணிக்கைக்கு இன்ன இடத்தில் பார்க்க என்று ஒரு வரி சேர்த்தால், கோட்பாடும் மீறப்படவில்லை, வாசகரும் ஏமாற்றப்படவில்லை. நான்கு பிரிவுக் கோட்பாட்டைப் பின்பற்றுவோர் எடுத்துக்காட்டுகளின் தேர்வைப் போதிய அளவு கருதுவதில்லை என்றே தோன்றுகிறது.

இத்துறையில் இன்றும் மிஞ்ச முடியாத தீர்வு டொனால்டு கனூத் 1984-இல் வெளியிட்ட ‘டெக்புக்’ நூலில் உள்ளது. அச்சுக்கோப்பு மென்பொருளாகிய டெக்கை விளக்கும் அந்நூலில், நுணுக்கமான பத்திகள் நூலின் கடைசிக்குத் தள்ளப்படாமல் அந்தந்த இயலிலேயே சிறிய எழுத்தில் நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில், பிரெஞ்சுக் கணிதக் குழுவாகிய பூர்பாக்கியிடமிருந்து எடுத்துக்கொண்ட, ஆபத்தான வளைவைக் குறிக்கும் சாலைக் குறி அச்சிடப்பட்டிருக்கிறது. குறி ஒன்றெனில் முதல் வாசிப்பில் தாண்டிச் செல்லலாம். இரண்டெனில் பெரும்பாலோர் என்றுமே தாண்டிச் செல்லலாம். தொடக்கத்தில் சொல்லும் விதிகள் முழு உண்மையல்ல, பின்னர் திருத்தப்படும் என்பதையும் கனூத் முன்னுரையிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார். எளிமைப்படுத்துவதற்காக ஒன்றை மறைப்பது குற்றமாகாது, மறைத்ததை அறிவிக்காமல் விடுவதே குற்றமாகும் என்னும் நேர்மை அந்நூலின் அமைப்பிலேயே இருக்கிறது. திரையில் படிக்கும் ஆவணங்கள் வந்த பின், மடித்துவைத்து விரிக்கும் வசதியெல்லாம் கிடைத்தும், அந்த நேர்மையைப் பலர் கைவிட்டது வியப்புக்குரியது.

தமிழில் நூல் அமைப்பைப் பற்றிய சிந்தனை மிகப் பழையது. தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் முதல் நூற்பாவிலேயே எழுத்துகள் முப்பது என்று சொல்லும்போது, சார்ந்து வரும் மூன்று நீங்கலாக என்னும் வரையறையையும் உடன் வைத்துவிடுகிறது. அடுத்த நூற்பாவில் அம்மூன்றின் பெயர்களும் வந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றாகிய குற்றியலுகரம் புணர்ச்சியில் எவ்வாறெல்லாம் நடந்துகொள்ளும் என்னும் விரிவோ, அதிகாரத்தின் ஒன்பதாவதும் இறுதியுமான இயலுக்கு ஒத்திவைக்கப்படுகிறது. விதிவிலக்கு உண்டு என்னும் அறிவிப்பு முதல் வரியில், அதன் விளக்கம் கடைசி இயலில். மெய் புள்ளி பெறும் என்பதும் முதல் இயலிலேயே கூறப்பட்டுவிடுகிறது. மேலும், பல இயல்களின் இறுதியில், அவ்வியலில் அடங்காமல் எஞ்சியவற்றை இவ்வாறு கொள்க என்று கூறும் புறனடை நூற்பா இடம்பெறுகிறது. எஞ்சியவை நூலின் பின்னிணைப்புக்கு ஒட்டுமொத்தமாக அனுப்பப்படுவதில்லை, அந்தந்த இயலின் வாசலிலேயே நிற்கின்றன.

13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீயகங்கனின் வேண்டுகோளால் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், இச்சிந்தனையை வெளிப்படையாகவே எழுதி வைத்தது. நூலுக்கு முன் நிற்கும் பாயிரத்தில் இன்னின்னவை கூறப்பட வேண்டும் என்று அது வகுத்தவற்றுள் ‘கேட்போர்’ என்பதும் ஒன்று. இந்நூல் யாருக்கு என்பதைச் சொல்லாமல் நூலைத் தொடங்கலாகாது என்பது இதன் பொருள். நூலுக்குரிய குற்றங்களாக எண்ணப்படும் பத்தில், குன்றக் கூறல், மிகைபடக் கூறல் ஆகிய இரண்டும் அளவைப் பற்றியவை என்றால், மற்றொன்று விரித்தல் என்பது இடத்தைப் பற்றியது: எடுத்துக்கொண்ட பொருளை விட்டு வேறொன்றை அங்கே விரிப்பது. மேம்பட்ட பொருளைப் பாடத்துக்குள் அளவின்றிக் கொட்டும் ஆவணக்காரர் செய்வது இக்குற்றம். அறவே சொல்லாமல் விடுபவர் செய்வது குன்றக் கூறல். இரண்டுக்கும் நடுவே ஒரு வரி அளவே இடம் இருக்கிறது. உரைகளையும் நன்னூல் காண்டிகை, விருத்தி என இரண்டாகப் பகுத்தது. சூத்திரத்தின் கருத்தையும் சொற்பொருளையும் எடுத்துக்காட்டையும் சுருங்கத் தருவது காண்டிகை, அதற்கு மேல் வேண்டிய பிறவற்றையும் ஆராய்ந்து விரிப்பது விருத்தி. பெரும்பாலான மென்பொருள் ஆவணங்களில் இல்லாத ஒரு வசதி இங்கே உண்டு. இரண்டு உரைகளும் ஒரே சூத்திர வரிசையைப் பின்பற்றுவதால், காண்டிகையில் ஓரிடத்தில் ஐயம் எழுந்தவர் விருத்தியில் அதே சூத்திரத்தைத் திறந்தால் போதும். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) அச்சு யுகத்தில் இதை மேலும் அடுக்குகளாக்கினார்: சிறுவர்க்கு இலக்கண வினாவிடை, அடுத்த நிலைக்கு இலக்கணச் சுருக்கம், அதற்கு மேல் நன்னூற் காண்டிகையுரை, விருத்தியுரையையும் அவரே பதிப்பித்தார்.

இத்தனை மரபு இருந்தும், தமிழில் கணினி நூல் எழுதுவோர் சொற்களைத் தமிழாக்கிய அளவுக்கு வரிசையைத் தமிழாக்கவில்லை. த. சீனிவாசன் முன்னின்று 2012 ஜனவரியில் தொடங்கிய ‘கணியம்’ இதழ், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுதுவதற்கான களமாக அமைந்தது. அதன் வழியாக து. நித்யாவின் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்கள் தரவுத்தளம் முதல் இயந்திரக் கற்றல் வரை பல பொருள்களைத் தமிழ் வாசகரிடம் சேர்த்துள்ளன. ஆங்கிலத்தில் தடுமாறும் மாணவர்களுக்கு அவை செய்த உதவி பெரிது. முத்தையா அண்ணாமலை முன்னெடுத்த ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நூலகம், ஒரு தமிழ்ச் சரத்தை உண்மையான எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயற்கூற்றை இலவசமாகவே வழங்குகிறது. ராஜகீழ்ப்பாக்கத்தை அதனிடம் கொடுத்தால் ஒன்பது எழுத்துகளும் ஒன்பதாகவே திரும்பி வரும். கருவியும் இருக்கிறது, நூல்களும் இருக்கின்றன. முந்தையதைப் பிந்தையதன் முதல் இயலில் வைக்கும் வேலை மட்டும் பாக்கியிருக்கிறது. தமிழில் எழுதப்படும் நிரல் பாடங்களில்கூடப் பெரும்பாலும் எடுத்துக்காட்டுத் தரவு ஆங்கில எழுத்தில் இருப்பதால், தமிழ் வழியே நிரல் கற்ற மாணவர் தமிழ்த் தரவைச் சந்திக்கும்போது, ஆங்கில வழியே கற்றவர் தடுக்கி விழுந்த அதே இடத்திலேயே தடுக்கி விழுகிறார்.

இதற்குப் புதிய நூல்கள் எழுதப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணியத்தின் ஆக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்படுபவை. மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தைத் தொடர்ந்து வழங்கும் எவரும் அவற்றைத் திருத்தியும் இயல்களை இடம் மாற்றியும் மறுபடி வெளியிடலாம். சேலையூரிலோ தாம்பரத்திலோ நிரல் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தமக்கு வேண்டிய பாடத்தை எடுத்து, அதில் வரும் ஆங்கில ஊர்ப்பெயர்களை அடித்துவிட்டுக் கௌரிவாக்கத்தையும் பழவந்தாங்கலையும் எழுதிக்கொள்வதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.